ஊருக்கு ஒரு பயந்தாங்கொள்ளி

அமெரிக்காவின் வடகோடியில், ரோலண்ட் ஹில்லில் பிறந்துவிட்டுப் பனிக்குப் பயப்படுவது, கடலோரக் குப்பத்தில் பிறந்துவிட்டு அலைக்குப் பயப்படுவது மாதிரி. நவம்பரில், கடல் போலக் கிடக்கும் ஏரியின் மேலிருந்து கிளம்பிவரும் பனி ஏப்ரல் வரை ஓயாது. கார்களின் ஆன்டெனா நுனியில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். முக்குத் திரும்பும்போது பனிமேட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று அந்தத் துணிதான் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் மாடி ஜன்னலிலிருந்து நேரே பனியில் சறுக்கி இறங்குவார்கள். இதையெல்லாம் ஊரில் யாரும் ஒரு விஷயமாகப் பேசுவதுகூட இல்லை. வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி வீட்டுக்குள் பேசமாட்டார்களே, அப்படி.

அந்த ஊரில் சைமா தெர்வோ ஒருத்திதான் பயந்தாள்.

ஏதோ லேசான பயமில்லை. வாத்துகள் தெற்கே பறக்கத் தொடங்கும்போதே அவளுக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். சமையலறை ஜன்னலில் வானிலை ரேடியோ ஒன்று ராப்பகலாக ஓடும். உயிரில்லாத ஓர் இயந்திரக் குரல் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்தாலும் சைமா அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொண்டுபோய் வைப்பாள். நிலவறையில் மாவு மூட்டை, மண்ணெண்ணெய், மெழுகுவத்தி. உறைபெட்டி நிறைய இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி. வீட்டில் இருப்பது என்னவோ இரண்டே பேர். இருக்கும் சாப்பாடு ஒரு படைக்குக் காணும். காற்று வடமேற்குக்குத் திரும்பினால் அவள் கை நடுங்கும். கோப்பை விழும். அதற்குப் பிறகு போன். நாத்தனார் லெம்பிக்கு, கடைக்காரன் கிளைடுக்கு, பாதிரியாருக்கு, பள்ளிக்கூடத்துக்கு. "வருதாம், பெருசா வருதாம். யாரும் வெளிய போகாதீங்க."

மூன்றில் இரண்டு தடவை ஒன்றும் வராது.

எல்லாப் பயத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். அதனால் சைமாவின் அப்பா பனிப்புயலில் வழி தவறிப்போய்ச் செத்தார் என்று ஊரே ஒரு கதை கட்டி வைத்திருந்தது. அவர் உண்மையில் ஒரு ஜூலை மாதத்து மத்தியானம், சவுனா என்கிற நீராவி அறையில் வேர்வை வழியக் குளித்துவிட்டு வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தவர். மகள் அதை எத்தனையோ தடவை சொல்லியும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வெயிலில் செத்த அப்பா அவர்களுக்கு உபயோகப்படவில்லை.

காரணம் என்று ஒன்று இருந்தால் அது அவள் கணவன் ரெய்னோதான். அவன் பனி ஒதுக்கும் லாரி ஓட்டியவன். புயல் வந்தால் ஊரே கதவைச் சாத்தும். அவன் கதவைத் திறந்துகொண்டு போவான். சைமா ஜன்னலருகே உட்கார்ந்திருப்பாள். லாரியின் மஞ்சள் விளக்கு தெருமுனையில் சுழன்றால்தான் அவளுக்கு மூச்சு வரும். இப்படியே அவள் தலை நரைத்தது. பிறகு ரெய்னோ ஓய்வு பெற்றான், லாரி லெம்பியின் கணவன் ஹூகோவின் பொறுப்புக்குப் போயிற்று, ரெய்னோ சோபாவுக்குப் போனான். பயம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

கிளைடு ட்ரெவாரோவின் கடைக்கு அவள் போனாலே அங்கே ஒரு வேடிக்கை.

"வா தாயே! உலகம் எத்தனை மணிக்கு அழியுது?"

"கிண்டல் பண்ணாத கிளைடு. பாட்டரி எங்க வெச்சிருக்க?"

"போன வாரம் வாங்கின பாட்டரிய என்ன பண்ணின? வறுத்துத் தின்னுட்டியா?"

கிளைடு அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அந்த உரிமையில் பேசுவான். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சைமாவும் சேர்ந்து சிரிப்பாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, சில நாள், சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு அவளை வைத்தியத்துக்கு அனுப்பியது லெம்பி மகனின் கல்யாணம்.

ஊர்ச் சங்கக் கூடத்தில் விருந்து. அக்கார்டியன்காரர் அப்போதுதான் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். கேக்கை இன்னும் வெட்டவில்லை. சைமா ஜன்னல் வழியாக ஏரிப் பக்கம் பார்த்தாள். மேகத்தின் அடிப்பாகம் ஒரு மாதிரி ஊதாவாக இருந்தது. அவள் தன்னையும் அறியாமல் எழுந்து, கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினாள். வாழ்த்துச் சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் முகம் மலர்ந்து திரும்பினார்கள்.

"புயல் வருது," என்றாள் சைமா. "எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கிளைடு கோட்டை எடுத்தான். அவன் பின்னால் ஹூகோ. அதன்பின் நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம்தான். அக்கார்டியன்காரர் தன் பெட்டியை மூடிவிட்டார். மணமகனும் மணமகளும் காலிக் கூடத்தில் கையில் கத்தியோடு நின்றார்கள்.

அன்று ராத்திரி வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. நட்சத்திரங்களை எண்ணியிருக்கலாம்.

மறுநாள் லெம்பி வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை நடுவில் நின்றாள்.

"என் பையன் கல்யாண கேக்கு அவ்வளவும் என் வீட்டு நிலவறையில கெடக்கு. நானும் ஹூகோவும் ஈஸ்டர் வரைக்கும் அதையேதான் திங்கணும். உனக்கு வைத்தியம் பாக்கணும் சைமா. பனிக்கு இல்ல, உனக்கு!"

சைமா குனிந்து, தரையில் பதிந்த பூட்ஸ் சுவடுகளைத் துடைத்தாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. சோபாவிலிருந்து ரெய்னோ மட்டும் தலையைத் தூக்கினான்.

"அதெல்லாம் எதுக்கு லெம்பி? இவ இப்படியே இருக்கட்டும். நல்லாத்தான இருக்கா."

"நல்லா இருக்காளா? வோய் வோய்! உனக்குக் கண்ணு இருக்கா?"

வெளியாளிடம் வீட்டு விஷயம் பேசுவது ரெய்னோவுக்குப் பிடிக்கவில்லை என்று சைமா நினைத்துக்கொண்டாள். தெர்வோ வம்சத்தில் பல் வலி என்றுகூட யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நகரத்தில் ஒரு மனநல ஆலோசகர் புதிதாக வந்திருந்தாள். பெத்தனி என்று பெயர். அரிசோனாப் பாலைவனத்துப் பெண். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டு, காலடியில் ஹீட்டர் வைத்து உட்கார்ந்திருந்தாள். சைமாவுக்கு அவளைப் பார்த்ததும் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

"இந்தப் பயம் எப்ப ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"ரெய்னோ லாரி ஓட்டப் போனப்ப."

"அவருக்கு ஏதாவது விபத்து ஆச்சா?"

"இல்லைங்க. ஒரு கீறல்கூட இல்ல."

"அப்புறம்?"

"வரலையே வரலையேன்னு உக்காந்திருப்பேன். வந்துடுவான். வந்து குறட்டை விட்டுத் தூங்குவான். மறுநாள் மறுபடியும் போவான்."

"இப்பவும் போறாரா?"

"இல்ல. சோபாவுல படுத்திருக்கான்."

"அப்ப இனிமே பயப்பட என்ன இருக்கு?"

"அதைக் கேக்கத்தானே உங்ககிட்ட வந்தேன்," என்றாள் சைமா.

பெத்தனி கெட்டிக்காரி. பயத்தை விரட்டாதீர்கள், விரட்டினால் நாய் மாதிரி இன்னும் குரைக்கும் என்றாள். வயிற்றைப் பிசையும்போது "வா, உட்கார்" என்று சொல்ல வேண்டும். மூச்சை மெதுவாக விட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வர வேண்டும். அடுப்பு, கெட்டில், துண்டு, ரெய்னோ. ரேடியோவை முதலில் ஒரு மணி நேரம் அணைப்பது, பிறகு அரை நாள், பிறகு முழுநாள். கடையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது. யாருக்கும் போன் செய்யாமல் இருப்பது. பனி தூறும்போது தெருமுனை வரை சும்மா நடந்துவிட்டு வருவது.

சைமா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பயப்பட்டதையே அத்தனை சிரத்தையாகச் செய்தவள், பயப்படாமல் இருப்பதில் மட்டும் குறை வைப்பாளா? கிறிஸ்துமஸுக்கு முன்பே ரேடியோவை முழுக்க அணைத்துவிட்டாள். சமையலறையில் குளிர்பெட்டி ஓடுகிற சத்தம் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் காதில் விழுந்தது.

"ரேடியோ கெட்டுப்போச்சா?" என்றான் ரெய்னோ.

"இல்ல. அணைச்சுட்டேன்."

"சும்மா ஓடிட்டுப் போகட்டுமே. பழகிப்போச்சு."

"உனக்குத்தான அது தலைவலி? எத்தனை தடவை கத்தியிருக்க?"

ரெய்னோ அவள் காபி ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவன் முகம் ஏனோ வாடியிருந்தது.

கிளைடும் ஒரு மாதிரி ஆகிவிட்டான். அவள் ஒரு ரொட்டியும் கால் கிலோ வெண்ணெயும் எடுத்துக்கொண்டு போனால், "அவ்வளவுதானா?" என்பான். "அவ்வளவுதான்." "நிச்சயமா?" "ஏன், கடையில சரக்கு தேங்கிக் கெடக்கா?" அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். கேலி செய்ய ஒன்றும் கிடைக்காததால் வருத்தப்படுகிறான் என்று சைமாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் நன்றாகத் தூங்கினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. உறைபெட்டியைக் காலி செய்து, இருந்த பாஸ்டியையெல்லாம் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி கடைசியில் ஒரு திருநாள். குகைக்குள் தூங்கும் கரடி அன்றைக்கு மறுபக்கம் புரண்டு படுக்குமாம். அதோடு குளிர்காலத்தின் முதுகு முறிந்துவிடுமாம். கரடிக்கு இது தெரியுமோ தெரியாதோ, ஊர் மொத்தமும் சங்கக் கூடத்தில் கூடிவிடும். ஆளுக்கு ஒரு பாத்திரம் சாப்பாடு. வெளியே மைதானத்தில் பெண்டாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம்.

அன்று காலை, ஏலக்காய் ரொட்டியைப் பின்னல் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சைமாவுக்கு வயிற்றைப் பிசைந்தது. காற்று வடமேற்காக இருந்தது. "வா, உட்கார்," என்றாள். அடுப்பு, கெட்டில், துண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பயம் நல்ல பிள்ளையாக எழுந்து போய்விட்டது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெத்தனியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்தில் அவளைப் பார்த்ததும் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள்.

"எப்படி இருக்க சைமா?"

"ரொம்ப நல்லா இருக்கேன்."

"ராத்திரி தூங்கினியா?"

"கட்டை மாதிரி."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தன் உடல்நலத்தில் ஊருக்கு இத்தனை அக்கறையா என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

மத்தியானம் பந்தயம் தொடங்கியது. கிளைடு தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு பாதி மைதானம் ஓடியிருப்பான். எல்லோர் கண்ணெதிரிலும் அவர்கள் இரண்டு பேரும் காணாமல் போனார்கள். விழுந்துவிட்டார்கள் என்று ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு எல்லைக்கோட்டுக் கொடி காணாமல் போயிற்று. அதற்குப் பிறகு மைதானமே இல்லை. வானமும் இல்லை. ஏரியிலிருந்து வந்த காற்று ஒரு வெள்ளைச் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து ஊரின் மேல் சாய்த்துவிட்டது. கையைக் கோத்துக்கொண்டு, கத்திக் கத்தி ஒருவரை ஒருவர் இழுத்து, எல்லோரும் கூடத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். கிளைடும் மனைவியும் கடைசியாக, ஆளுக்கு ஒரு கால் பூட்ஸில்லாமல் வந்தார்கள். கதவைச் சாத்தியதும் மின்சாரம் போயிற்று.

சைமா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பயத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், ரெய்னோ அதோ அடுப்பில் விறகு போடுகிறான், ரொட்டி நன்றாக வந்திருக்கிறது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நிஜமாகவே அவளுக்குத் தோன்றியது. ஒரு துண்டு ரொட்டியை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாள்.

சுற்றிலும் எழுபது பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சைமா சொல்லல?" என்றாள் லெம்பி.

"எதை?"

"புயல் வருதுன்னு!"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ரேடியோ கேக்கிறதில்ல."

"நாங்களும்தான் கேக்கிறதில்ல!" என்று கத்தினான் கிளைடு. "கடை ஹீட்டருக்கு நேத்தே எண்ணெய் லாரி வந்திருக்கணும். ஒரு வாரம் கழிச்சு வந்தாப் போதும்னு நாந்தான் போன் பண்ணினேன். ஏன்? நீ ஒரு ரொட்டி வாங்கிட்டுப் போன. ஒரே ஒரு ரொட்டி! நீ சிரிச்சுக்கிட்டுப் போறத என் கண்ணால பாத்தேன்."

"நான் ரொட்டி வாங்கினதுக்கும் உன் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?"

லெம்பியின் கணவன் ஹூகோ தொண்டையைக் கனைத்தான். ரொம்பப் பேசாத மனிதன் அவன்.

"லாரியில பனி தள்ளுற தகட்டக் கழட்டி ரிப்பேருக்குப் போட்டுட்டேன்," என்றான் தரையைப் பார்த்து. "சைமா ஒண்ணும் சொல்லலையே, இந்த வாரம் வராதுன்னு."

சைமாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. விளங்க விளங்க அவள் முகம் சிவந்தது.

"ரேடியோ எதுக்கு இருக்கு? அதைக் கேட்டா என்ன?"

"அது தினமும்தான் வருது வருதுங்குது. அதுக்குக் கை நடுங்குதா? உன்னைப் பாத்தாத்தான் எங்களுக்கும் கொஞ்சம் பயம் வரும், எழுந்து ஒரு வேலை செய்வோம்," என்றான் கிளைடு.

"நான் சொன்னதுல முக்கால்வாசி தப்பு!"

"தப்பாப் போனா என்ன, விறகு கெட்டாப் போகும்?"

"அப்ப நீங்க எல்லாரும் எம் முன்னாடி பல்லைக் காட்டிச் சிரிச்சீங்க. நான் அந்தப் பக்கம் போனதும் ஓடிப்போயி பாட்டரி வாங்கினீங்க. அப்படித்தானே?"

கிளைடு தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"கல்யாணத்துல கோட்டை மாட்டிக்கிட்டு ஓடிப்போய்க் காரைக் கிளப்பினது யாரு லெம்பி? உம் புருஷன்தானே? மறுநாள் வந்து என்னைப் பைத்தியம்னு சொல்ல உனக்கு வாய் எப்படி வந்துச்சு?"

லெம்பி கைப்பையைத் திறந்து அதற்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

சைமா ரெய்னோவிடம் திரும்பினாள். அவன் அடுப்புக்குள்ளேயே தலையை விட்டுவிடுவான் போல இருந்தான்.

"நீயுமா?"

"நான் என்ன பண்ணினேன்?"

"ரெய்னோ."

அவன் நிமிர்ந்தான். "காலையில லாரி எடுக்கிறதுக்கு முன்னாடி நீ காபி ஊத்துவ. உங் கை நடுங்கினா, வழுக்காம இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுக்குவேன். நடுங்கலைன்னா போடமாட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"ஒரு கீறல்கூடப் படாம வந்தேன்ல?"

ஒவ்வொரு காலையும் அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலருகே நின்று அவள் கைகளைப் பார்த்ததைச் சைமா மறக்கவில்லை. அந்தப் பார்வையை அவள் வேறு என்னவோ என்று எண்ணி, அதை வைத்துக்கொண்டு பல குளிர்காலங்களை ஓட்டியிருந்தாள்.

"ஆசையாப் பாக்கிறேன்னு நினைச்சேன்," என்றாள், தாழ்ந்த குரலில்.

ரெய்னோ யோசித்தான். தெர்வோ வம்சத்தில் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன ஆளில்லை.

"ரெண்டும்தான்," என்றான்.

சைமா எழுந்துபோய் வேறொரு மேஜையில் உட்கார்ந்து, கிழவர்களோடு சீட்டாடத் தொடங்கினாள். அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விநோதம். இத்தனை வருடமாக ஊருக்குச் சேர்த்து ஒருத்தியே பயந்து கொடுத்ததால், மற்றவர்களுக்கு அந்த வேலை பழக்கமே இல்லை. எப்படிப் பயப்படுவது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஓடினார்கள். கூரை முனகினால் மேஜைக்கடியில் புகுந்தார்கள். கிளைடு உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கையில் அணைத்துக்கொண்டு, "கடைக் கூரைமேல இருக்கிற பனிய வாரித் தள்ளவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். லெம்பிக்கு மூச்சு வாங்கியது. சைமா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லைதான். ஆனால் அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"மெதுவா விடு. என்ன தெரியுது கண்ணுக்கு? சொல்லு."

"ஒண்ணும் தெரியல, ஒரே இருட்டு!"

"அடுப்பு தெரியுதில்ல? சொல்லு."

"அடுப்பு."

"அப்புறம்?"

"ஹூகோ. வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான்."

"நல்லது. அப்புறம்?"

மறுநாள் மத்தியானம் பக்கத்து ஊர் லாரி வந்து வழி திறந்தது. உயிருக்குச் சேதமில்லை. கிளைடின் கடைக் கூரையில் ஒரு மூலை உட்கார்ந்துவிட்டது. லெம்பி வீட்டில் குழாய் உறைந்து வெடித்து, நிலவறையில் மிச்சமிருந்த கல்யாண கேக் மிதந்தது. அது ஒன்றுதான் அந்தப் புயலால் விளைந்த நன்மை என்று ஹூகோ பிறகு சொன்னான்.

ஒரு வாரம் கழித்துக் கிளைடு, லெம்பி, பாதிரியார் மூன்று பேரும் சைமாவின் வீட்டுக்கு வந்து காபி குடித்தார்கள். இரண்டாவது கோப்பைக்குப் பிறகுதான் விஷயம் வந்தது.

"உடம்பு கெடுற அளவுக்கு நீ பயப்பட வேண்டாம்," என்றான் கிளைடு. "ஏதோ கொஞ்சம். மாசத்துக்கு ரெண்டு தடவை."

"மாட்டேன்."

"கர்த்தர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரம் கொடுக்கிறார்," என்று ஆரம்பித்தார் பாதிரியார்.

"அதைத் திருப்பிக் கொடுத்துட்டேன் போதகரே. ரொட்டி எடுத்துக்குங்க."

அவர்கள் போய் ஆளுக்கு ஒரு வானிலை ரேடியோ வாங்கினார்கள். அந்தக் குளிர்காலத்தில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு அதே உயிரில்லாத குரல் கேட்டது. கிளைடின் கடையில் பாட்டரிக்குத் தட்டுப்பாடு.

சைமா தூங்கினாள். ரெய்னோவுக்குத்தான் தூக்கம் போயிற்று. திசைகாட்டி பழுதாகிவிட்ட மாலுமி மாதிரி, விடிவதற்கு முன்பே எழுந்து ஜன்னலில் நின்றான்.

"சைமா. காத்து மாறுது."

"மாறட்டும். நீ லாரியா ஓட்டப்போற? படு."

"ஹூகோ வெளிய போயிருக்கானே."

"ஹூகோவுக்காக லெம்பி முழிச்சிருப்பா. படு."

அவன் படுக்கவில்லை. மார்ச் மாதத்தில் அவனுக்குக் காபிக் கோப்பை கையில் நிற்காமல் போகவே, சைமா காரை எடுத்தாள். வழி முழுதும், "எனக்கு ஒண்ணும் இல்ல, தெர்வோக்களுக்கு இதெல்லாம் வராது," என்று சொல்லிக்கொண்டே வந்தான். பெத்தனியின் அறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றான்.

"இந்தப் பயம் எப்ப ஆரம்பிச்சது?" என்று பெத்தனி கேட்பது சைமாவுக்குக் கேட்டது.

"இவ குணமானப்ப," என்றான் ரெய்னோ. கதவு மூடிக்கொண்டது.

அந்த மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, மனிதக் குரல்களோடு சேர்ந்து, காற்றின் வேகம் சொல்லும் ஓர் இயந்திரக் குரலும் மெல்லிசாகக் கேட்பதைச் சைமா கவனித்தாள். பாவம், அந்தப் பெண் புயலன்று தனியாக மாடி வீட்டில் இருந்தவள்.

வெளி அறையில் உட்கார்ந்து பின்னலை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் சாம்பலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது. "வா, உட்கார்," என்றாள். வந்து உட்கார்ந்தது, எழுந்து போகவில்லை. பசியாக இருக்கலாம் என்று கைப்பையிலிருந்து பாஸ்டியை எடுத்து முழுக்கச் சாப்பிட்டாள். பிசைவது நிற்கவில்லை. அப்படியானால் இது அதுதான். சைமா அதோடு கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தாள். முன்போல அது அவளைப் பிடித்து உலுக்கவில்லை. ஆனால் இருந்தது.

எழுந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"ரெய்னோ, கிளம்பலாம்."

"இன்னும் நேரம் இருக்கே," என்று சொல்லத் தொடங்கிய பெத்தனி நிறுத்திக்கொண்டாள். ரெய்னோ ஏற்கெனவே எழுந்து தொப்பியை மாட்டியிருந்தான். அவன் முகத்தில் பல வாரங்களாக இல்லாத நிம்மதி.

"அம்மா," என்றான் பெத்தனியிடம், "எங்க ஊர்ல இவ எழுந்தா எல்லாரும் எழுந்துடுவோம்."

பெத்தனி சைமாவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஹீட்டரை அணைத்துவிட்டு, இரண்டாவது ஸ்வெட்டருக்கு மேல் கோட்டை மாட்டி, அவர்களுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.

பாலம் தாண்டும்போதே மேகம் கலைய ஆரம்பித்தது. வீடு போய்ச் சேர்ந்தபோது வெயிலில் கண் கூசியது. கூரை விளிம்பிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சைமா காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். பிறகு ரெய்னோவைப் பார்த்தாள், ஏதாவது சொல்லட்டும் என்று.

அவன் சீட்டியடித்துக்கொண்டே கொட்டகைக்குப் போய், கை நிறைய விறகு எடுத்து வந்து வாசலில் அடுக்கத் தொடங்கினான்.